மெயினை எடுத்தாச்சா?

நாலாயிரத்து முந்நூற்று இருபது. மூட்டைக்காரர் தன் மச்சானுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அவ்வளவுதான். வட்டி கிடையாது, சீட்டு கிடையாது, சாட்சியும் கிடையாது. வீட்டுக்குக் கரண்டு இழுத்த காலத்தில் மச்சான் தன் கைக்காசைப் போட்டு வாங்கிய வயர், குழாய், சுவிட்சு, பியூஸ் கட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைக்காரன் போட்ட தொகை அது. கூலியை மச்சான் சேர்க்கவில்லை. "அக்கா வீட்டுல கூலி வாங்கினா கை அழுகிடும்" என்று சொல்லிவிட்டான். சாமான் காசு மட்டும் போதும் என்றான். அந்தச் சாமான் காசுதான் நின்றுபோயிற்று.

கொடுக்கக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. முதல் வருஷமே எடுத்து வைத்தார். "இப்ப வேண்டாம், அவன் ஒண்ணும் கழுத்துல கத்தி வைக்கல" என்று மனைவி வாங்கி உள்ளே வைத்தாள். அது வீட்டுச் செலவோடு செலவாகப் போயிற்று. மறு வருஷமும் எடுத்தார். அது மகளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. அப்புறம் ஒரு தடவை அவரே பொறுக்காமல் கேட்டார்: "உன் தம்பிக்குக் காசு கசக்குதா?"

"வாங்க வேண்டிய நேரத்துல வாங்கிக்குவான். நீங்க சும்மா இருங்க" என்றாள்.

சும்மா இரு என்றால் இருக்கத் தெரிந்த மனுஷன். இருந்துவிட்டார்.

மச்சானுக்குத் தெருவில் டெஸ்டர் என்று பேர். சட்டைப் பையில் எந்நேரமும், கரண்டு இருந்தால் பிடியில் விளக்கு எரியும் டெஸ்டர் ஒன்று, பேனா மாதிரி குத்தியிருக்கும். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் இருக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் இருக்கும். விருந்துக்குக் கூப்பிட்டால் அந்த வீட்டில் நாலு பிளக்கில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாயில் உட்காருவான். "பெத்த பிள்ளையையே டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான்டா தூக்கினான் இவன்" என்று மூட்டைக்காரர் ஒரு காலத்தில் கேலி பண்ணுவார். டெஸ்டரும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் காது சிவந்துபோகும். எதைச் சொன்னாலும் தாங்குவான், தொழிலில் குறை சொன்னால் தாங்கமாட்டான்.

பிறகு மனைவி போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவள், திரும்பி வரும்போது வண்டியில் வந்தாள். மண்ணில் போட்டுவிட்டு வந்த மறுநாள் முன்னறையில் சொந்தமும் தெருவும் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று அவளைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தானம் கொடுத்த கை என்றார் ஒருவர். அவள் சத்தம் போட்டு வெளியே கேட்டதில்லை என்றார் இன்னொருவர். அது சுத்தப் பொய். டெஸ்டர் இரும்பு பீரோவில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திடீரென்று வாயைத் திறந்தான்.

"அந்த நாலாயிரத்து முந்நூற்று இருபது அப்படியே நிக்குது அத்தான்."

பேச்சு மொத்தமாக நின்றது. யாரோ "ச்சே" என்றார்கள். "எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்னு வந்தியா?" என்று பக்கத்து வீட்டு அம்மா நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள். மூட்டைக்காரர் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தபோது பீரோ ஓரம் காலியாக இருந்தது. அதற்கப்புறம் டெஸ்டர் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இவரும் கூப்பிடவில்லை.

அதைக் கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும். காலமெல்லாம் மூட்டை சுமந்தவனுக்குத் தோளில் ஓர் இடம் மரத்துப்போயிருக்கும், கிள்ளினாலும் தெரியாது. அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி உடம்பு பூராவும் வந்துவிட்டமாதிரி இருந்தது அவருக்கு. எழுந்தார், கிடங்குக்குப் போனார், லாரியில் ஏற்றினார், இறக்கினார், வந்தார், போட்டதைத் தின்றார், படுத்தார். ஒரு நாள் காலில் மூட்டை விழுந்தது. மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓடி வர, அது யாருடைய கால் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்டாட்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்லுளிமங்கன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சும் அடுத்த தெருவில் யாரோ யாரையோ பேசுவதுபோலத்தான் அவர் காதில் விழுந்தது.

இந்த நிலையில்தான் முன்னறை டியூப்லைட் மண்டையைப் போட்டது.

மகள் வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். மோட்டார் வைத்த மிஷின், அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிக் கொடுத்தது. கடைக்காரர் வெட்டித் தரும் துணியைத் தைத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்குவாள். அந்த டியூப்லைட் மிஷினுக்கு நேர் மேலே, பீரோவை ஒட்டின சுவரில் இருந்தது. முதலில் கண்ணடித்தது. அப்புறம் வண்டு மாதிரி உறுமியது. ஸ்டார்ட்டரைத் திருகித் திருகிக் கொஞ்ச நாள் ஓட்டினாள். ஒரு சாயங்காலம் சோக்கு கருகிய வாடை வந்தது, அதோடு சரி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்கு இருட்டில் என்ன தெரியும்? மிஷினைச் சமையலறை ஜன்னலடிக்கு நகர்த்திக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"மாமாவைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஒரு லைட்டு மாத்த மாமா எதுக்கு?"

"லைட்டுக்காக மட்டும் இல்லப்பா."

"வேற எதுக்கு?"

"அம்மா பக்கம்னு எனக்கு இருக்கறது அவர் ஒருத்தர்தான். அவரும் வராம போயிட்டா, அம்மாவோட சேர்த்து அவரையும் புதைச்ச மாதிரிதான். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யார் வந்து நிப்பா?"

"நான் நிக்க மாட்டேனா?"

"நிக்கறீங்கப்பா. இருக்கீங்களான்னுதான் தெரியல."

அவர் தட்டை எடுத்துப்போய்க் கழுவினார்.

"அந்தக் காசையாவது குடுத்துத் தொலைங்களேன்" என்று பின்னாலேயே வந்தாள். "சீட்டுப்பணம் வந்திருக்கு இல்ல?"

"இப்ப கொண்டுபோய்க் குடுத்தா, நாலு பேர் முன்னால கேட்டதுக்குப் பயந்து குடுத்த மாதிரி ஆகும்."

"குடுக்கலைன்னா?"

"குடுக்காத மாதிரி ஆகும்."

"இதுக்கு அம்மா இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கரண்டியால போட்டிருப்பா" என்றாள் மகள்.

"ஞாயித்துக்கிழமை நானே மாத்திடறேன்" என்றார் அவர். பேச்சு அங்கே முடிந்தது. அவளுக்கு வேண்டியது லைட்டு இல்லை என்பது அவருக்குப் புரியாமலில்லை. புரிந்ததைத் தூக்கித் தோளில் வைக்கத்தான் முடியவில்லை.

கிடங்கில் டீ குடிக்கிற நேரத்தில் பக்கத்திலிருந்த தடியனிடம் கேட்டார். தடியன் எதையும் தெரியாது என்று சொல்லிப் பழகாதவன்.

"டியூப்லைட்டுப் பட்டி மாத்தறது ஒரு வேலையாண்ணே? பழசைக் கழட்டு, புதுசை மாட்டு. உள்ள ரெண்டே வயரு. செருப்பு மாதிரிதான், வலது இடது மாறினாலும் நடக்கும்."

"கரண்டு?"

"சுவிட்ச அமத்திட்டா கரண்டு ஏது? அது என்ன பேயா, கதவைச் சாத்தினப்புறமும் உள்ள வர்றதுக்கு?"

கிடங்குக் கணக்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன்யா, உன் மச்சான் டெஸ்டர் என்ன ஆனான்?"

"இருக்கான்."

"அவன் தொழில்ல நீ கை வச்சா, நாளைக்கு அவன் இங்க மூட்டை தூக்க வந்து நிக்கப் போறான் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். மூட்டைக்காரரும் மற்றவர்களைப் பார்த்து வாயை அகட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் எல்இடி பட்டி ஒன்று வாங்கி வந்தார். சோக்கு இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை, தூக்கினால் அட்டைப்பெட்டிதான் கனம். கூடவே ஒரு சுருள் கறுப்பு டேப்பு. கடைக்காரன், "ஆள் வச்சிருக்கீங்களா?" என்றான். "இருக்கு" என்றார்.

மகள் சமையலறையில் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் கடைக்கு இரண்டு கட்டு சட்டை போயாக வேண்டும். மோட்டார் சத்தம் விட்டுவிட்டு வந்தது. அவர் மர ஸ்டூலை பீரோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். சுவிட்சை அமர்த்தினார். மெயின் பெட்டி வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்தார்.

மனைவி இருந்தவரை இந்த வீட்டில் பல்பு மாற்றுவது ஒரு பெரிய சடங்காக இருந்தது. பட்டியில் தூசு தட்டக்கூட மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கி, அதை யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி இடுப்பில் சொருகிக்கொள்வாள். அவர் ஸ்டூலில் ஏறினாலே உள்ளேயிருந்து குரல் வரும்: "மெயினை எடுத்தாச்சா?" அவர் திட்டுவார். "கொசு அடிக்கப் பீரங்கியா? ஒரு லைட்டுக்கு வீட்டையே இருட்டாக்கணுமா?" அவள் பதில் பேசமாட்டாள், வந்து கட்டையைப் பிடுங்குவாள். பொம்பளை பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொள்வார். வேறு எதற்கும் பயப்படாதவள் இதற்கு ஏன் இப்படி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இப்போது மெயினை எடுத்தால் மகளின் மிஷின் நின்றுவிடும். சுவிட்சுதான் அமர்த்தியாயிற்றே.

ஸ்டூலில் ஏறினார். டியூப்பைத் திருப்பிக் கழற்றி பீரோவின் மேல் வைத்தார். பட்டியின் மூடியைத் தள்ளினார். வருஷக்கணக்கான தூசும் ஒரு செத்த பல்லியும் கீழே விழுந்தன. திருகாணிகளைக் கழற்றினார். பழைய பட்டி சுவரிலிருந்து பெயர்ந்து இரண்டு வயரில் தொங்கியது. வயர் முடிச்சுகளில் சுற்றியிருந்த டேப்பு காய்ந்து மொறமொறவென்று உரிந்து வந்தது. ஸ்டூல் லேசாக ஆடியதால் இடது கையால் பீரோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வலது கையால் வயரைப் பிரிக்கப் போனார்.

அடித்தது.

யாரோ முழங்கையில் சம்மட்டியால் போட்டமாதிரி கை உதறி விலகியது. பட்டி சுவரில் மோதிக் கணீரென்றது. பல் ஒன்றோடொன்று இடித்து நாக்கின் ஓரம் கடிபட்டது. அவர் விழவில்லை. ஸ்டூலில் அப்படியே நின்றார். விரல் நுனியைப் பார்த்தார். அப்புறம் சுவிட்சைப் பார்த்தார். அமர்த்தித்தான் இருந்தது.

மிஷின் சத்தம் நின்றது. "என்னப்பா விழுந்துது?" என்று கேட்டுக்கொண்டே மகள் சமையலறை வாசலுக்கு வந்தாள். அவள் வந்து நின்றபோது அவர் இடது கையைத் திரும்பவும் பீரோவின் மேல் வைத்தார். அவசரமில்லாமல், கடையில் துணியைத் தடவிப் பார்க்கிறவர்போல, அந்த வயரை மறுபடியும் தொட்டார்.

இந்தத் தடவை ஸ்டூல் கவிழ்ந்தது. அவர் பீரோவில் சரிந்து தரையில் உட்கார்ந்தார். பீரோவின் மேலிருந்த டியூப் உருண்டு விழுந்து தூளாயிற்று.

மகள் கத்தவில்லை. நேராக வாசல் கதவுக்குப் பின்னால் ஓடி மெயினை அணைத்தாள், பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள், பாவாடை நாடாவில் சொருகிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அவருக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"முதல் தடவை தெரியாம பட்டுது. சரி. ரெண்டாவது தடவை ஏன் தொட்டீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லவும் ஒன்றும் தோன்றவில்லை. "நிஜமாவே அடிச்சுதான்னு பார்த்தேன்."

"பார்த்தீங்களா?"

"ம்."

"அடிச்சுதா?"

"அடிச்சுது."

அவள் எழுந்து போனை எடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மாமா, அப்பாவுக்குக் கரண்டு அடிச்சிடுச்சு" என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்டது. "இல்ல, உசுரோடதான் இருக்கார். சுவிட்ச அமத்தித்தான் இருந்துது மாமா. அமத்தியும் அடிச்சிருக்கு." கொஞ்சம் பொறுத்து, "மாமா? இருக்கீங்களா?" என்றாள்.

டெஸ்டர் சைக்கிளை வாசலில் சாய்க்கக்கூட இல்லை, போட்டுவிட்டு வந்தான். வந்தவன் வாசற்படியில் நின்றுவிட்டான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா, உள்ளே வருவதா வேண்டாமா என்று காலை முன்னும் பின்னும் வைத்தான். சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. முடி நரைத்து, ஆள் இளைத்திருந்தான்.

மூட்டைக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே, "கண்ணாடி கிடக்கு. செருப்போட வா" என்றார்.

வந்தான். அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். விரல் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி. "நெஞ்சு படபடக்குதா அத்தான்? கண்ணு இருட்டுதா?"

"இல்ல."

"அவரைக் கேக்காதீங்க மாமா. லாரி ஏறினாலும் இல்லைன்னுதான் சொல்வார்" என்றாள் மகள்.

டெஸ்டர் தொங்குகிற வயரைப் பார்த்தான். "மெயினை எடுத்தாச்சா?" என்றான்.

மகள் இடுப்பிலிருந்து பியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினாள். அதைப் பார்த்ததும் டெஸ்டரின் முகம் கோணிற்று. ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா இப்படித்தான் சொருகிக்குவா" என்றான்.

"தெரியும். பயந்தாங்கொள்ளி" என்றார் மூட்டைக்காரர்.

"அவ பயந்தாங்கொள்ளி இல்ல அத்தான்." டெஸ்டர் தரையைப் பார்த்துப் பேசினான். "இந்த வீடுதான் நான் தனியா எடுத்துச் செஞ்ச முதல் வேலை. மத்த அறை எல்லாம் சரி. இந்த முன்னறையில மாத்திப் போட்டுட்டேன். சுவிட்ச கரண்டு வர்ற வயர்ல வைக்கணும். நான் திரும்பிப் போற வயர்ல வச்சுட்டேன்."

"அப்படின்னா?"

"குழாய் வாயை அடைக்காம சாக்கடை வாயை அடைச்ச மாதிரி. லைட்டு எரியும், அணையும், பார்க்க எல்லாம் சரியா இருக்கும். ஆனா சுவிட்ச அமத்தினாலும் பட்டி வரைக்கும் கரண்டு வந்து நிக்கும். எரியாம போயிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன். எரிஞ்சு தொலைச்சுது."

தடியன் சொன்ன செருப்பு மூட்டைக்காரருக்கு ஞாபகம் வந்தது. மாறினாலும் நடக்கும்.

"அக்காவுக்கு எப்படித் தெரியும்?" அவர் மனைவியை அக்கா என்றே சொல்லிவிட்டார், திருத்திக்கொள்ளவில்லை.

"குடி வந்த புதுசுல பட்டியைத் துடைச்சிருக்கா. சுவிட்ச அமத்திட்டுத்தான். அடிச்சிருக்கு. உங்ககிட்ட சொல்லாம நேரா என்கிட்ட வந்தா. வந்து டெஸ்டர் வச்சுப் பார்த்தேன். அமத்தியும் எரியுது. அப்படியே உக்காந்துட்டேன்."

"அரை நாள் வேலைதானே? மாத்த வேண்டியதுதானே?"

"அரை மணி நேர வேலை." டெஸ்டர் கதவுக்கு மேலே, வயர்கள் பிரிந்து போகிற சின்னப் பெட்டியைக் காட்டினான். "அதைத் திறந்தா ரெண்டு வயரு. உங்க முன்னால திறக்க முடியல. நீங்க தெரு பூரா சொல்லிச் சிரிப்பீங்க. டெஸ்டர் போட்ட வயரைப் பாருங்கடான்னு கிடங்கு பூரா சொல்வீங்க. தொழில் ஆரம்பிச்ச நேரம். எனக்கு சோறே அதுதான்."

மூட்டைக்காரர் மறுக்கவில்லை. சொல்லியிருப்பார். நன்றாகவே சொல்லியிருப்பார்.

"அக்கா ஒரே பேச்சுதான் பேசினா. அவர் இல்லாத நாள் பார்த்து வந்து சரி பண்ணு. அன்னைக்கு உன் நாலாயிரத்து முந்நூற்று இருபதை நானே எடுத்துத் தர்றேன். தப்பு வேலைக்குக் காசு வாங்கினா என் வீட்டுல உனக்குச் சோறு கிடையாதுன்னா. நானும் வர்றேன் வர்றேன்னேன். நீங்க வேலைக்குப் போனா எனக்கு வேலை, எனக்கு லீவுன்னா உங்களுக்கும் லீவு. அப்புறம் வெக்கம். அப்புறம் மறந்தே போச்சு. அவ கட்டையைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கிட்டே இருந்திருக்கா."

வெளியே டெஸ்டரின் சைக்கிளை யாரோ நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

மகள்தான் கேட்டாள், விடவில்லை. "அப்புறம் ஏன் மாமா அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அந்தக் காசைக் கேட்டீங்க?"

டெஸ்டர் தலையைச் சொறிந்தான். "கேக்கணும்னு கேக்கல பாப்பா. ஆளாளுக்கு அவளைப்பத்தி ஒண்ணு சொன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்கும் அவளுக்கும் நடுவுல முடியாம நின்னது அது ஒண்ணுதான். பீரோவுல சாஞ்சு உக்காந்திருந்தேன், தலைக்கு மேல அந்தப் பட்டி. வாயில அதுதான் வந்துது. வந்தப்புறம் எங்க போய் முட்டிக்கறது?"

மூட்டைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாக்கில் கடிபட்ட இடம் எரிந்தது. எரிகிறது என்று தெரிந்தது. துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித்தூளைக் கூட்டி ஓரமாக ஒதுக்கினார். டெஸ்டரை எழுப்பிவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக் கதவடியில் போட்டார்.

"நான் இன்னைக்கு வீட்டுலதான் இருக்கேன்" என்றார். "இருக்கறப்பவே பண்ணு."

டெஸ்டர் ஏறினான். பெட்டியின் மூடியைத் திறந்ததும் சிமெண்டுத் தூள் அவன் முகத்தில் கொட்டியது. "கருமம், எந்த மடையன் போட்டான் இதை" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நிறுத்தினான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வயர்களைப் பிரித்து, சுரண்டி, இடம் மாற்றி முறுக்கினான். முறுக்கின ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். இறங்கி வந்து, கட்டையை மாட்டச் சொன்னான். சுவிட்சை அமர்த்தி, பீரோ பக்கத்து வயரில் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. சுவிட்சைப் போட்டான், எரிந்தது. அமர்த்தினான், அணைந்தது. இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான்.

"போதும் மாமா, சுவிட்சு தேஞ்சிடும்" என்றாள் மகள். கட்டையைத் திரும்பவும் பிடுங்கிச் சொருகிக்கொண்டாள்.

"பட்டியை நீங்களே மாட்டுங்க அத்தான். பாதி வேலை உங்களுது."

தொங்கிய பழைய பட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டினார். டெஸ்டர் பக்கத்தில் நின்றானே தவிர கை வைக்கவில்லை. சுவரில் இரண்டு கிளிப்பை முடுக்கினார். ஒன்று ஒரு நூல் அளவு மேலே ஏறியிருந்தது. அவருக்கே தெரிந்தது, டெஸ்டருக்கும் தெரிந்தது, இரண்டு பேரும் சொல்லவில்லை. வயரை முறுக்கி டேப்பு சுற்றினார். மூட்டை வாயைக் கட்டுகிறமாதிரி இறுக்கி, தேவைக்கு மூன்று மடங்கு சுற்றினார். பட்டியைக் கிளிப்பில் வைத்து அழுத்த, டக்கென்று உட்கார்ந்தது.

"மெயின் போடட்டுமா?" என்றாள் மகள்.

"போடு."

வெள்ளை வெளிச்சம் கண்ணடிக்காமல், உறுமாமல், ஒரேயடியாக வந்தது. முன்னறை முழுக்க ஒட்டடையும், சுவரில் பழைய பட்டி இருந்த அடையாளமும், மூன்று பேர் முகமும் பளிச்சென்று தெரிந்தன. அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. துணி தைக்கலாம்.

மகள் மிஷினை இழுத்துக்கொண்டு வந்து அதன் பழைய இடத்தில் போட்டாள். மூட்டைக்காரர் பீரோவைத் திறந்தார். சீட்டுப்பணம் இருந்த பையை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணினார். எண்ணினதை டெஸ்டரிடம் நீட்டினார்.

டெஸ்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாம் அத்தான். அசிங்கப்படுத்தாதீங்க."

"வேலை முடிஞ்சா வாங்கிக்கணும்னுதானே பேச்சு."

"அது அக்காகிட்ட."

"நானும் அவ சொன்னதைத்தான் பண்றேன்."

"வாங்கிக்கோங்க மாமா" என்றாள் மகள், ஊசியில் நூல் கோத்தபடி. "வாங்கலைன்னா நீங்க இந்த வீட்டுல சாப்பிட முடியாது. நான் உலை வச்சுட்டேன்."

டெஸ்டர் வாங்கினான். வாங்கினவன் தொழில் புத்தியில் எண்ணவும் எண்ணினான். இன்னொரு தடவை எண்ணினான். நிமிர்ந்து பார்த்தான். "நாலாயிரத்து முந்நூறுதான் இருக்கு."

"கரண்டு அடிச்சதுக்கு இருபது கழிச்சுட்டேன்" என்றார் மூட்டைக்காரர்.

அவர் முகத்தில் ஒன்றுமில்லை. அது கேலியா நிஜமா என்று டெஸ்டருக்குத் தெரியவில்லை. மகள் மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"ரெண்டு தடவை அடிச்சுதே" என்றாள் மெதுவாக.

"ரெண்டாவது என் கணக்கு" என்றார் அவர்.

டெஸ்டர் நோட்டுகளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதற்கு மேல் டெஸ்டரைக் குத்தினான். அந்த இருபதைப்பற்றி அவன் கேட்கவில்லை. மிஷின் ஓட ஆரம்பித்தது. மூட்டைக்காரர் இன்னொரு தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போனார்.